கோடு போடாத ஒன்பது

கம்பெனிக்கு ஐம்பது வயது ஆனபோது அதற்குத் தன் வரலாற்றை எழுதிக்கொள்ள ஆசை வந்தது. மனிதர்களுக்கே அந்த ஆசை வருகிறதே, நாற்பதாயிரம் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற கம்பெனிக்கு வரக் கூடாதா? வழவழப்பான தாளில், தூக்கினால் கை வலிக்கிற கனத்தில் ஒரு புத்தகம் போடுவது என்று முடிவாயிற்று. ஒரு கலவை மெஷினையும் ஒரு தண்ணீர்ப் பம்பையும் வாடகைக்கு விட்டுப் பிழைத்த ஒருவர், அணையும் துறைமுகமும் மின் நிலையமும் கட்டுகிற பெரிய முதலாளி ஆன கதை. அதை எழுதுவதற்கென்றே ஓர் அம்மாவை வேலைக்கு வைத்தார்கள். நாற்பத்தைந்து வயது, காலில் ஓட்டப் பந்தயச் செருப்பு, கையில் ஒலிப்பதிவுக் கருவி. அந்தப் புத்தகக்கார அம்மா ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் கியூப்காரர் வீட்டு மணியை அழுத்தினாள்.

மணிச் சத்தம் கேட்டதும் கியூப்காரரின் கண் கூரைக்குப் போயிற்று. இது புதிதல்ல. இருபத்தேழு வருடமாக யார் மணி அடித்தாலும், டெலிபோன் அலறினாலும், பக்கத்துத் தெருவில் லாரி ஜல்லி கொட்டினாலும் அவர் கண் இதே வேலையைத்தான் செய்கிறது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். இவருக்கு மடியில் இருந்த கனம் ஒரு தூண். அதுவும் ஐந்து மாடி ஆஸ்பத்திரியைத் தாங்குகிற தூண்.

கியூப்காரர் என்றால் என்ன வேலை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கட்டிடத்தில் தூணோ தளமோ கான்கிரீட் போடும்போதெல்லாம் அதே கலவையில் கொஞ்சம் அள்ளி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான இரும்புப் பெட்டிகளில் இடித்து நிரப்புவார்கள். மறுநாள் பெட்டியைக் கழற்றினால் எட்டுக் கிலோவில் ஒரு சதுரக் கட்டி. அதற்குப் பெயர் கியூப். எந்தத் தூணுடையது என்று அதன்மேல் கறுப்புப் பெயின்டால் எண் எழுதி, தண்ணீர்த் தொட்டியில் இருபத்தெட்டு நாள் ஊறப் போடுவார்கள். பிறகு எடுத்துத் துடைத்து, மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எந்த அழுத்தத்தில் நொறுங்குகிறதோ அதுதான் தூணின் பலம். ஆஸ்பத்திரித் தூண்களுக்கு மெஷின் முள் இருபதைத் தொட வேண்டும். தூணையே போய் நசுக்கிப் பார்க்க முடியாது அல்லவா, அதனால் அதன் பிள்ளையைப் பிடித்து நசுக்கிப் பார்ப்பது. ஓய்வு பெறும்வரை முப்பத்து நாலு வருடம் அவர் செய்தது இதைத்தான். பெற்றோர் வைத்த பெயரைக் கம்பெனியில் சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை.

"சார், புத்தகத்துல உங்களுக்குன்னு ஒரு முழு அத்தியாயம் இருக்கு," என்று புத்தகக்கார அம்மா கருவியை மேஜைமேல் வைத்தாள். "தலைப்பு என்ன தெரியுமா? தன் தூணைத் தானே உடைத்த கம்பெனி."

"எதுக்கும்மா அந்தப் பழைய கதை? அணை, துறைமுகம்னு எவ்வளவோ இருக்கே."

"அணை எல்லாம் இந்தக் கதைக்கு அப்புறம்தானே சார் வந்துது?"

அது உண்மை. ஆஸ்பத்திரிதான் கம்பெனியின் முதல் பெரிய வேலை. அதற்குமுன் இருபத்து மூன்று வருடம் தண்ணீர்த் தொட்டியும் தகரக் கொட்டகையும் கட்டிக்கொண்டிருந்த கம்பெனி. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒன்பதாம் தூணின் கியூப் பதினொன்றில் நொறுங்கியது. மேலே தளம் போட்டாகிவிட்டது. யாருக்கும் தெரியாமல் பூசி மறைத்திருக்கலாம். ஆனால் பெரிய முதலாளி தளத்துக்கு முட்டுக் கொடுத்து, சொந்தச் செலவில், ஊர் பார்க்க அந்தத் தூணை உடைத்துப் புதிதாகப் போட்டார். பத்திரிகைகள் எழுதித் தள்ளின. 'நேர்மைக்கு ஒரு தூண்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. அதற்குப் பிறகுதான் அணை வந்தது, துறைமுகம் வந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வோர் எஞ்ஜினியருக்கும் முதல் நாள் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். பெரிய முதலாளி கண்ணை மூடியபோது இரங்கல் கூட்டத்திலும் இதைத்தான் சொன்னார்கள்.

"அன்னிக்கு என்ன நடந்துதுன்னு உங்க வாயால சொல்லுங்க சார்."

கியூப்காரர் தொண்டையைக் கனைத்தார். நல்லவேளையாக அவர் மனைவி தண்ணீரோடு வந்தாள். இந்தக் கதையை அவரைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவள் அவள்.

"இவரு எங்க சொல்லப் போறாரு? நான் சொல்றேன் கேளுங்க. பெரிய முதலாளி அத்தனை பேர் முன்னாடி இவரு தோள்ல கையைப் போட்டு, 'இவன்தான்யா என் கம்பெனியோட மனசாட்சி'ன்னு சொன்னாரு. போட்டோ எல்லாம் எடுத்தாங்க. போட்டோவுல பாருங்க, மனசாட்சி பேயறைஞ்ச மாதிரி நிக்குது!"

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். கியூப்காரரும் பல்லைக் காட்டி வைத்தார்.

"இன்னொரு சந்தோஷமான விஷயம் சார்," என்றாள் புத்தகக்கார அம்மா. "அதே ஆஸ்பத்திரி மேல நம்ம கம்பெனியே இன்னும் மூணு மாடி கட்டப் போகுது. அடுத்த மாசம் ஆரம்பம். புத்தகமும் அப்பத்தான் வெளிவருது."

"மூணு மாடியா?" என்றார் கியூப்காரர். குரல் கீச்சென்று வந்தது. "பழைய பில்லர் எல்லாம் சோதிச்சுப் பாத்தாங்களா?"

"எதுக்கு சார்? உங்க ரெஜிஸ்டர் இருக்கே! நூத்து நாப்பது தூண், ஒன்பதைத் தவிர எதுவும் சொத்தை இல்லை, ஒன்பதையும் உடைச்சுப் போட்டாச்சு. உங்க கையெழுத்தைப் பாத்ததும் தனியா சோதனை வேண்டாம்னு எஞ்ஜினியருங்க முடிவு பண்ணிட்டாங்க."

அவள் போன பிறகு கியூப்காரர் அடுத்த மாதத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

*

நடந்தது இதுதான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

கியூபுக்குத் தலையும் கிடையாது, காலும் கிடையாது. எப்படிப் புரட்டி வைத்தாலும் அது நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கும். அதில் எழுதிய ஆறைத் தலைகீழாகப் பார்த்தால் ஒன்பது. அதனால் உலகத்துக் கியூப்காரர்களுக்கெல்லாம் ஒரே ஒரு வேதம் உண்டு: ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில் கோடு போடு. கோடு இருக்கிற பக்கம் கால், இல்லாத பக்கம் தலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம் இது.

ஆறாம் தூணும் ஒன்பதாம் தூணும் ஒரே நாளில் போடப்பட்டன. ஆறு காலையில், ஒன்பது மாலையில். தூணுக்கு மூன்றாக மொத்தம் ஆறு கியூப். மறுநாள் அவற்றைக் கழற்றி எண் எழுத வேண்டிய நேரத்தில் கியூப்காரருக்குக் கடைவாய்ப் பல் வலி. சாதாரண வலி இல்லை. கன்னம் பன்னாக வீங்கி, ஒரு கண் மூடிக்கொண்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லி வைத்தவனுக்குப் பல்வலி வந்ததில்லை போலிருக்கிறது. பல் டாக்டரிடம் போகிற அவசரத்தில் ஆறு கியூபிலும் வேகவேகமாக எண்ணை இழுத்துவிட்டு, தொட்டிக்குள் இறக்கிவிட்டு ஓடினார். கோடு போடவில்லை.

இருபத்தெட்டாம் நாள் பல் போயிருந்தது, வலி போயிருந்தது, கோடு போடாத நினைவும் போயிருந்தது. முதலில் தொட்டியிலிருந்து எடுத்த மூன்று கியூபும் வரிசையாக ஒன்பது என்று தெரிந்தன. மெஷினில் வைத்தார். பதினொன்று. பன்னிரண்டு. பதினொன்று. யாரோ ஒரு கலவைக்காரன் வேலை சுலபமாகட்டும் என்று தண்ணீரைக் கொட்டிக் கலவையைக் கஞ்சியாக்கியிருக்கிறான். அடுத்த மூன்றும் ஆறு என்று தெரிந்தன, இருபத்தேழு வரை தாங்கின. ரெஜிஸ்டரில் எழுதினார்: ஒன்பது, சொத்தை. ஆறு, நல்லது. எழுதிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் எஞ்ஜினியரிடம் கொடுத்தார். ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை.

உடைக்க ஆரம்பித்த இரண்டாம் நாள் மத்தியானம் வேடிக்கை பார்க்கப் போனார். சம்மட்டிக்காரர் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கத்தினார்: "எந்தப் புண்ணியவான்யா இதைச் சொத்தைன்னு சொன்னது? மூணு உளி மழுங்கிப் போச்சு! இது தூண் இல்லைய்யா, மலை!"

எல்லோரும் சிரித்தார்கள். கியூப்காரர் திரும்பி நடந்தார், பிறகு ஓடினார். நொறுக்கிய கியூப்கள் லேபுக்குப் பின்னால் குப்பையில் கிடந்தன. மண்டி போட்டுக் கிளறினார். எண் எழுதிய துண்டு ஒன்று கிடைத்தது. இப்படிப் பார்த்தால் ஒன்பது. கையைத் திருப்பினால் ஆறு. அடியில் கோடு இல்லை. மேலேயும் இல்லை.

அந்தத் துண்டைக் கையில் பிடித்தபடி அவர் எழுந்தபோது, "உன்னைத்தான் தேடிட்டு இருக்கோம், வா வா!" என்று எஞ்ஜினியர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். வெளியே பெரிய முதலாளி, பத்திரிகைக்காரர்கள், கேமரா. மனசாட்சி என்று சொல்லித் தோளில் கை விழுந்தது. அந்தக் கையின் கனத்துக்கு அடியில் எதைச் சொல்வது? துண்டு அவர் கால்சட்டைப் பைக்குள் போயிற்று. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளைக்கு என்பது ஒரு வாரம் ஆயிற்று, ஆறாம் தூணுக்குப் பூச்சு நடந்தது, மாடி ஏறியது, திறப்பு விழா வந்தது. பிறகு சொன்னால் வேலை போகும், ஜெயிலுக்கும் போக நேரிடும், வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இவர் ஒரு தூணை மறைத்தார், அதுவும் அது எல்லோர் கண்முன்னும் நிமிர்ந்து நிற்கும்போதே.

தூண் விழவில்லை. எஞ்ஜினியர்கள் எப்போதுமே தேவைக்கு மேல் பலம் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். அந்த உபரியில் அது நின்றது. கியூப்காரரும் அந்த உபரியில்தான் உயிரோடு இருந்தார். புயல் எச்சரிக்கை வந்தால் சாப்பாடு இறங்காது. எங்கோ தூரதேசத்தில் நிலம் அதிர்ந்த செய்தி வந்தாலும் இவர் வீட்டு விளக்கு ஆடுகிறதா என்று பார்ப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், இவர் கண்ணுக்கு நின்றதெல்லாம் தூண்.

இதெல்லாம் போதாதென்று ஒன்பது வருடத்துக்கு முன் விதி இன்னொரு விளையாட்டு விளையாடியது. அந்த நாலு வயதுக் குழந்தை வளர்ந்து, நர்ஸ் படிப்புப் படித்து, அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். எத்தனையோ வார்டு இருக்க, கீழ்த்தள வார்டில் போட்டார்கள். நர்ஸ்களின் மேஜை ஆறாம் தூணை ஒட்டிக் கிடந்தது. தூணில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. முதல் நாள் மகளைக் கொண்டுபோய் விட்டபோது அதைப் பார்த்த கியூப்காரர் வாசலிலிருந்து தூண்களை இரண்டு தரம் எண்ணினார். ஆறேதான்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு தரமாவது ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே போனார். மறந்துபோகாத சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வெயில் அடிக்கும் நாளில் குடை கொண்டுபோனார். மகள் நோயாளி பக்கம் திரும்பும்போது காலண்டரைத் தூக்கிப் பார்ப்பார். அதன் பின்னால் பூச்சில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. விரிசலின் நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதுவார். விரிசல் கோட்டைத் தாண்டினால் வளர்கிறது என்று அர்த்தம். ஒன்பது வருடத்தில் நான்கு தரம் தாண்டியிருந்தது.

"நீங்க பொண்ணைப் பாக்கப் போறீங்களா, அந்தப் பில்லரைப் பாக்கப் போறீங்களா?" என்று மனைவி கேலி செய்தாள். "போன தடவை அதைத் தடவிக் குடுத்துட்டு நின்னீங்களாம். எல்லா நர்ஸுங்களும் சிரிக்கிறாங்க."

*

மூன்று மாடிச் செய்தி வந்த மறுநாளே மகளிடம் போய் நின்றார்.

"அம்மாடி, இந்த வார்டுல காத்தே இல்ல. மேல மாத்திக் கேளேன்."

"இங்கதான்ப்பா ஜன்னல் அதிகம்."

"அப்ப வேற ஆஸ்பத்திரி பாரு. உனக்கிருக்கிற அனுபவத்துக்கு எங்க வேணாலும் குடுப்பாங்க."

"என்னப்பா ஆச்சு உங்களுக்கு? இது உங்க கம்பெனி கட்டின ஆஸ்பத்திரிங்கிறது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வர்றவங்க எல்லாரையும் ஒன்பதாம் பில்லர்கிட்ட கூட்டிட்டுப் போய், எங்கப்பாவாலதான் இது புதுசா நிக்குதுன்னு சொல்வேன்."

மகள் முகத்தில் இருந்த அந்தப் பெருமைதான் அவருக்கு ஜெயிலைவிடப் பயமாக இருந்தது. உண்மை வெளியே வந்தால் முதலில் அழியப்போவது அதுதான். சொன்னால் அவளை இழக்க வேண்டும், சொல்லாவிட்டாலும் இழக்க வேண்டி வரலாம். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் மாதிரி ஆயிற்று அவர் நெஞ்சு.

ஒரு வாரம் மனைவியை விட்டுப் பேச வைத்தார். ஜோசியர் சொன்னதாகப் புளுகினார். மகளுக்குத் தெரியாமல் தலைமை நர்ஸிடம் போய், "கீழ இருந்தா அவளுக்கு மூச்சுத் திணறுது, மேல மாத்துங்கம்மா," என்று கெஞ்சினார். தலைமை நர்ஸ் மகளைக் கூப்பிட்டு விசாரிக்க, மகள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

அதற்குள் லாரிகள் வந்துவிட்டன. ஆஸ்பத்திரி வாசலில் கம்பிக் கட்டுகள் இறங்கின. மொட்டை மாடிக்கு ஒரு பாரந்தூக்கி ஏறியது. பார்க்கப் போனபோது காலண்டரைத் தூக்கினார். நுனியில் போட்டிருந்த கடைசிக் கோடு பத்து நாளுக்கு முந்தியது. விரிசல் அதைத் தாண்டி ஒரு விரல்கடை போயிருந்தது. மேஜைமேல், மகளின் பேனாவுக்குப் பக்கத்தில், பூச்சுத் தூள் சிந்தியிருந்தது. அதை விரலால் தொட்டு எடுத்தார்.

நேராகப் போய்ப் புத்தகக்கார அம்மாவின் முன்னால் நின்றார். தலைமை அலுவலகத்தின் ஒன்பதாவது மாடி, கண்ணாடி அறை.

"நல்ல வேளை, நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்று அவள் ஒரு தாளை நீட்டினாள். "உங்க அத்தியாயம் சார். படிச்சுப் பாத்து, நடந்தது இதுதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அச்சுக்குப் போகுது."

பேனாவை வாங்கினார். ரெஜிஸ்டரில் ஆயிரக்கணக்கில் போட்ட கையெழுத்து. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். அவ்வளவு பயம். பிறகு பேனாவை மேஜையில் வைத்தார்.

"அம்மா, நாங்க நல்ல தூணை உடைச்சிட்டோம்."

"என்ன சார்?"

"சொத்தைத் தூண் ஆறு. ஒன்பது இல்ல. நான் எண்ணுக்கு அடியில கோடு போடல."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து அணைத்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"சொல்லாம இருந்திருக்கலாமே சார்," என்றாள். கோபமாக அல்ல, அழுகிற மாதிரி. அவளுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், வேலை வேண்டியிருக்கும். தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக லிஃப்டுக்குக் கூட்டிப் போனாள்.

பெரிய முதலாளியின் மகனுக்கு ஐம்பத்தெட்டு வயது. முடி முழுக்க நரைத்த பிறகும் கம்பெனியில் அவருக்குச் சின்னவர் என்றுதான் பெயர். கியூப்காரர் சொன்னதை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் தலைக்கு மேல் சுவரில் அந்தப் போட்டோ பெரிதாக மாட்டியிருந்தது. கியூப்காரர் அதைப் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்தார்.

"ஆறுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"உடைச்சவங்க மலை மாதிரி இருக்குன்னாங்க. அப்பவே தெரியும் ஐயா."

"எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அவருக்கு நான் துரோகம் பண்ணிட்டேன்."

சின்னவர் திரும்பிச் சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்தார். "இருபத்தேழு வருஷமா இந்தக் கதையைச் சொல்லித்தானேய்யா நான் வேலை வாங்கியிருக்கேன்," என்றார். பிறகு டெலிபோனை எடுத்தார். மேல்மாடி வேலையை அந்த நிமிடமே நிறுத்தச் சொன்னார். ஆறாம் தூணில் துளைபோட்டுச் சாம்பிள் எடுக்கச் சொன்னார். எதிர்முனையில் யாரோ மறுத்துப் பேசினார்கள். "பேர் போனாப் போகட்டும். ஆளுங்க போனா?" என்று வைத்துவிட்டார்.

துளைபோடுகிற மெஷின் தூணிலிருந்து குழாய்த் துண்டு போல மூன்று உருளைகளை எடுத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலை லேபில் நசுக்கும்போது கியூப்காரரும் இருக்க வேண்டும் என்று சின்னவர் சொல்லிவிட்டார். பழகிய மெஷின், பழகிய எண்ணெய் வாசனை. முள் ஏறியது. அவர் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் கட்டிகளை நசுக்கியிருக்கிறார், எதற்கும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. நல்லதாக இருக்கட்டும், நான் பைத்தியக்காரன் என்று ஊர் சிரிக்கட்டும். பன்னிரண்டில் முதல் உருளை வெடித்தது. இரண்டாவது பதினொன்று. மூன்றாவதை அவர் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் மட்டும் கேட்டது.

"வார்டைக் காலி பண்ணுங்க. இப்பவே," என்று சின்னவர் டெலிபோனில் சொல்வது காதில் விழுந்தது.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கீழ்த்தளம் அல்லோலகல்லோலப்பட்டது. ஆட்கள் இரும்பு முட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலை நோக்கி உருண்டன. ஆறாம் தூணில் காலண்டரைக் காணோம், மூன்று ஓட்டைகள் வாய் பிளந்து நின்றன. மகள் ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு கட்டிலைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள்.

"அம்மாடி, நீ முதல்ல வெளிய வா! இங்க நிக்காத! வா சொல்றேன்!"

அவள் கட்டிலை இன்னொரு நர்ஸிடம் கொடுத்துவிட்டு அவர் அருகில் வந்தாள்.

"காலண்டருக்குப் பின்னாடி பென்சில்ல தேதி எழுதியிருக்கு. அந்த ஒண்ணு, அந்த ஏழு, எல்லாம் உங்க கையெழுத்து. முதல் தேதி நான் வேலைக்குச் சேர்ந்த வாரம்."

"பயமா இருந்துதுடா கண்ணு. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ஒன்பது வருஷமா நான் தூங்கல. அதனாலதான் மாறிக்கச் சொல்லிக் கெஞ்சினேன்..."

"என்னை மாறிக்கச் சொன்னீங்க," என்றாள் அவள். குரல் உயரவில்லை. கண் மட்டும் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை. "இங்க முப்பத்திரண்டு கட்டில் இருக்கு. ஒன்பது வருஷத்துல எத்தனை ஆயிரம் பேரு படுத்திருப்பாங்க? எழுந்து ஓட முடியாதவங்க. அவங்களை யார்கிட்ட கெஞ்சி மாத்தினீங்க?"

அவர் கட்டில்கள் உருள்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடப் பயத்தில் ஒரு முறைகூட அந்தக் கட்டில்கள் அவர் நினைவுக்கு வந்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

பின்னாலிருந்து ஒரு கட்டில் வந்தது. காலில் கட்டுப் போட்ட கிழவர் ஒருவர் மிரண்டுபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் திரும்பி அந்தக் கட்டிலைப் பிடித்தாள். வழியில் நிற்கிற யாரோ ஒருவரிடம் சொல்வதுபோல, மரியாதை குறையாமல் சொன்னாள்:

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கட்டில் போகணும்."